பாவம் என்று எழுதிய பக்கங்கள்

கேக் மிகவும் நன்றாக இருந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ருபார்ப் என்கிற புளிப்புக் கீரைத் தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மேலே பாதாம் தூவியிருந்தாள். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று மிஞ்சவில்லை. என் ஆய்வுக்கூட உதவியாளர் குட்ரூன் எதைச் செய்தாலும் அளவு தப்பாது. ஒரே ஒரு விஷயத்தில் தப்பியது. அதற்காகத்தான் நீங்கள் இருவரும் கோபன்ஹேகனிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறீர்கள்.

அவள் உங்கள் விசாரணைக் குழுவுக்கு எழுதிய கடிதம் கோப்பில் மேலாக இருக்கிறது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் அந்தக் கையெழுத்தை இருபத்திரண்டு வருடமாகப் படித்துப் பழகியவன் நான். "என் கணவர் பிரேபென் இறந்ததற்கு நானே காரணம். ஆய்வில் நான் செய்த தப்பை உரிய இடத்தில் சொல்லவில்லை" என்று இரண்டாவது வரி. அது உண்மையா என்று நீங்கள் கேட்டு, நான் வருத்தத்தோடு தலையாட்டினால், உங்களுக்கு மூன்று மணி ரயில் கிடைத்துவிடும். குட்ரூன் குற்றவாளி என்று பெயரெடுத்துக்கொண்டு ஓய்வு பெறுவாள். என்னைப் பற்றி அறிக்கையில் ஓர் அனுதாப வாக்கியம் வரும். யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

நான் தலையாட்டப் போவதில்லை. காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். கொஞ்சம் நேரமாகும்.

உங்கள் அலுவலகத்தில் எப்படியோ, எங்கள் மாடியில் தப்புக் கேக் விஷயத்தில் சட்டம் கடுமையானது. தப்பு செய்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. வெட்டுவதற்கு முன் என்ன தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசித் துண்டு தீர்ந்தபின் அந்தத் தப்பைப் பற்றி யாரும் எப்போதும் வாய் திறக்கக் கூடாது. பாதிரியார்கூட இவ்வளவு மலிவாகப் பாவமன்னிப்பு கொடுப்பதில்லை. எங்கள் புள்ளியியலாளர் ஹென்னிங் பத்து வருடத்தில் பத்தொன்பது கேக் கொண்டுவந்திருக்கிறான். நான் இதுவரை ஒன்றுகூடக் கொண்டுவந்ததில்லை. நான் எவ்வளவு கவனமானவன் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் இருவரும் வழக்கறிஞர்கள் என்பதால் ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. அதற்கப்பால் உள்ள இதயச் செல்கள் பட்டினி கிடக்கின்றன. நாங்கள் அடைப்பைத் திறக்கிறோம். நின்றிருந்த ரத்தம் ஒரேயடியாகப் பாய்கிறது. பட்டினிக்குத் தப்பிய செல்களில் ஒரு பகுதி அந்த விருந்தில் செத்துப்போகிறது. வேடிக்கையான உறுப்பு. அந்த நேரத்தில் செல்களைக் காத்து, அடிபட்டவற்றைத் தேற்றிவிடும் மருந்து ஒன்றைத்தான் உலகம் முப்பது வருடமாகத் தேடுகிறது. நான் கண்டுபிடித்தேன். எல்-41 என்று பெயர் வைத்தேன்.

நாற்பத்தெட்டுப் பன்றிகள். இந்த நாட்டில் மனிதர்களைவிட அவைதான் அதிகம், ஆகவே தட்டுப்பாடில்லை. ரத்தக் குழாயை நாங்களே அடைத்துத் திறந்து, இருபத்து நான்குக்கு மருந்து, இருபத்து நான்குக்கு வெறும் உப்பு நீர். குப்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எண் மட்டும் ஒட்டியிருக்கும். எந்த எண்ணில் எது என்ற பட்டியல் ஹென்னிங்கின் பெட்டகத்தில் பூட்டியிருந்தது. ஊசி போட்ட குட்ரூனுக்கும் தெரியாது, இதயத்தை வெட்டிப் பார்த்த எனக்கும் தெரியாது. இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது.

குட்ரூன் பண்ணையில் பிறந்தவள். பன்றிகளிடம் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடிய பாட்டையே திங்கட்கிழமை அவற்றின் காதுக்குள் முணுமுணுப்பாள். ஊசி வழியாக மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பன்றிக்கு எதுவும் கேட்காது என்று நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

"கேக்காதுன்னு உனக்கு அது சொல்லுச்சா எஸ்பென்?" என்பாள். பிறகு பன்றியின் பக்கம் திரும்பி, "நீ தூங்குடா கண்ணு. இவரு பெரிய படிப்பு படிச்சவரு, அப்படித்தான் பேசுவாரு" என்பாள்.

இப்படிப்பட்டவர்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. விலங்குகள் அமைதியாக இருக்கும். அது ஒரு வசதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஜனவரியில் பட்டியலைத் திறந்தோம். மருந்து பெற்ற பன்றிகளின் இதயத்தில் சேதம் பாதிக்கும் குறைவு. ஹென்னிங் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை நான் கேக் கொண்டுவர வேண்டியிருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றான். செய்தித்தாள்களில் என் படம் வந்தது. பதக்கம் ஒன்று தந்தார்கள். செப்டம்பர் முதல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக என் அம்மா தொலைபேசியில் என் பேச்சை முழுதாகக் கேட்டார்.

ஏப்ரலில்தான் மூலப் பதிவேட்டைப் புரட்டினேன். குட்ரூன் கையால் எழுதிய நோட்டு. ஒரு பன்றிக்கு ஒரு பக்கம். ஓரத்தில், அச்சிட்ட கட்டங்களுக்கு வெளியே, சில பக்கங்களில் மட்டும் பென்சிலால் ஒரே ஒரு சொல்: பாவம்.

எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்கு பக்கங்கள். ஹென்னிங்கின் பட்டியலோடு ஒப்பிட்டேன். மருந்து பெற்ற ஒவ்வொரு பன்றிக்கும் பாவம் என்று எழுதியிருந்தது. உப்பு நீர் பெற்ற ஒன்றுக்குக்கூட எழுதவில்லை. பெட்டகத்தில் பூட்டிவைத்த ரகசியம், பென்சில் எழுத்தில் ஆறு மாதமாக அலமாரியில் திறந்து கிடந்திருக்கிறது.

அவளைக் கூப்பிட்டேன்.

"இது என்ன குட்ரூன், அங்கங்க 'பாவம்'னு எழுதி வச்சிருக்கே?"

"ஐயோ, அதையா பாத்தே?" அவள் முகம் சிவந்தது. "சும்மா எனக்காக எழுதிக்கிட்டது. சில பன்னிங்களுக்கு அந்த மருந்து ஏறினதும் நாடி எகிறிடும். நூத்தி எழுவது, நூத்தி எண்பது. தூக்கத்துலயும் வலிக்குது போலிருக்கேன்னு தோணும். பாவம்ல?"

"சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேஸைக் கொஞ்சம் தொறந்து விடுவேன். ஒரு பத்து நிமிஷம். அடங்கிடும்."

"மயக்க வாயுவையா?"

"பின்ன, அடுப்பு கேஸையா?" சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன், தொறந்திருக்கக் கூடாதா?"

கூடாது. மயக்க வாயுவே இதயச் செல்களைக் கொஞ்சம் காக்கும் என்று எங்கள் துறையில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் செய்முறையில் நாற்பத்தோராம் பக்கத்தில் "வாயு எந்நிலையிலும் பயன்படுத்தலாகாது" என்று நானே எழுதியிருந்தேன். ஆனால் நாற்பத்தோராம் பக்கம் அறிவியலாளர்களுக்கான பகுதி. குட்ரூனுக்குப் பன்னிரண்டு பக்கச் சுருக்கம்தான் கொடுத்திருந்தோம். அவளுக்கு எதற்கு வீண் சுமை?

அவளிடம் மெதுவாக விளக்கினேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள். எதிர்பார்க்கவில்லை.

"அப்போ அந்த இதயமெல்லாம் பொழைச்சது மருந்தாலயா, கேஸாலயான்னே தெரியாதா?"

"தெரியாது."

"மனுஷங்களுக்குக் குடுக்கப் போறீங்களே எஸ்பென்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஹென்னிங்கிட்ட சொல்லணும். எல்லார்கிட்டயும் சொல்லணும். இப்பவே போய்..."

"வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது. அதற்கு மேல் அவளால் நன்றி சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஓர் அன்பான மனிதன் என்று அவள் நினைத்தது அந்தக் கணத்தில்தான் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கேக்கும் வந்தது. பதினொரு பேர் தட்டோடு நின்றோம்.

"ஆகா, குட்ரூனா? உலகம் அழியப் போகுது" என்றான் ஹென்னிங். "என்ன பண்ணே, பன்னியை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டியா?"

அவள் தொண்டையைச் செருமினாள். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள் என்பது உதடுகளில் தெரிந்தது. நான் அவள் தோளில் கை வைத்து, "நைட்ரஜன் தொட்டிய மூட மறந்துட்டா. ராத்திரி பூரா ஆவி போயிருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "அவ்வளவுதானா? இதுக்கு பிஸ்கெட்டே போதுமே" என்றான் ஹென்னிங். கத்தியை அவள் கையில் கொடுத்தேன். வெட்டினாள். இரண்டே நிமிடத்தில் தட்டு காலி. ஹென்னிங் விரலால் பாதாம் துகள்களைக்கூட விடாமல் ஒற்றி எடுத்துத் தின்றான். சட்டப்படி விவகாரம் முடிந்துவிட்டது.

பிறகு நடைவழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் அப்படிச் சொன்னே? நான் தொட்டிய எப்ப மறந்தேன்?"

"இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேக் தின்னுக்கிட்டா சொல்றது? உன் பேரு கெட்டுடும். நான் முறைப்படி அனுமதிக் குழுவுக்குக் கடிதம் எழுதறேன். அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்."

"எழுதிடுவேல்ல?"

"எழுதிடறேன்."

என் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். நீங்கள் தேடுகிற அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் இல்லை. என் கோப்பிலும் இல்லை. எழுத உட்கார்ந்தேன் என்பதும் உண்மை, உட்கார்ந்தபோது பதக்கம் மேசையில் இருந்தது என்பதும் உண்மை. அதற்குப் பதிலாகப் பதிவேட்டைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். அச்சிட்ட கட்டங்களுக்கு உள்ளே இருந்ததை மட்டும்தான் தட்டச்சு செய்தேன். ஓரத்தில் கிறுக்கியது தரவு அல்ல. மூல நோட்டை எரிக்கவில்லை, கவனியுங்கள். தரவை அழிப்பவன் விஞ்ஞானியே அல்ல. அது என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

யாரும் சந்தேகப்படவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் தெருவில் தூங்கவிட்டு உள்ளே போய்க் காபி குடிக்கும் ஜனங்கள் நாம். பேராசிரியர் அனுப்பிய காகிதத்தை யார் புரட்டிப் பார்ப்பார்கள்?

சரிபார்க்காமல் விட்டேன் என்று என்மேல் யாரும் பழி சொல்ல முடியாது. சரிபார்த்தேன். ஜூலையில் நாடே பூட்டிக்கொண்டு கோடை வீட்டுக்குப் போய்விடும் மூன்று வாரத்தில், கட்டிடத்தில் நானும் துப்புரவு செய்யும் பெண்ணும்தான். எட்டுப் பன்றிகளை அறுவைப் பயிற்சிக்கென்று வரவழைத்தேன். நாற்பது கிலோ பன்றியைத் தனியாளாக மேசைக்கு ஏற்றுவது ஐம்பத்தேழு வயதில் சுலபமில்லை. முதுகு இன்னும் வலிக்கிறது. அறிவியலுக்காகச் செய்தேன்.

நான்கு பன்றிகளுக்கு மருந்து மட்டும், வாயு இல்லாமல். நாடி எகிறியது. அது வலியல்ல. மருந்து இதயத்தைத் தாளம் தப்பி ஓடவைத்தது. ஒன்று ஒன்பதாவது நிமிடத்திலும் இன்னொன்று பதினான்காவது நிமிடத்திலும் செத்தன. பிழைத்த இரண்டின் இதயத்திலும் சேதம் கொஞ்சமும் குறையவில்லை. மற்ற நான்குக்கு உப்பு நீரும், பத்து நிமிடம் வாயுவும். நான்கு இதயங்களும் அழகாக இருந்தன. வெட்டிப் பார்த்தபோது சேதத்தைத் தேட வேண்டியிருந்தது.

ஆக, என் மருந்து இதயத்தைக் காக்கவில்லை, தடுமாற வைத்தது. காத்ததெல்லாம் ஒரு பெண்மணி பாவம் பார்த்துத் திறந்துவிட்ட வாயு. எல்லா மருத்துவமனையிலும் மூலையில் நிற்கிற, யாருக்கும் சொந்தமில்லாத, பழைய வாயு. உலகம் முப்பது வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படி மேடையேறிச் சொல்வது? "பெரியோர்களே, மருந்து பயனற்றது, பரிவுதான் பயன்பட்டது" என்றா? அதற்குப் பதக்கம் கிடையாது. வாழ்த்து அட்டையில் அச்சடிப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரு தனி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். செப்டம்பரில் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினோம்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தொடருங்கள், நான் மெதுவாகத்தான் சொல்கிறேன்.

நவம்பருக்குள் முப்பத்தொரு பேர். சீட்டுக் குலுக்கியதில் பதினாறு பேருக்கு மருந்து விழுந்தது. அதில் நான்கு பேர் இறந்தார்கள். உப்பு நீரில் ஒருவர். ஹென்னிங் அறைக்கு வந்து, "நாலுக்கு ஒண்ணு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் எனக்குப் பிடிக்கல எஸ்பென்" என்றான். இதய நோயாளிகள் இதய நோயால் இறப்பது அவ்வளவு அதிசயமில்லை என்று சொல்லி அனுப்பினேன். நாடி எகிறியதை "எதிர்பார்த்த தற்காலிக விளைவு" என்று படிவத்தில் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. நான் எதிர்பார்த்தேன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிரேபெனைக் கொண்டுவந்தார்கள். முன்பு கப்பல்களில் இஞ்சின் பார்த்தவர், குட்ரூனின் கணவர். தோட்டத்தில் இலை கூட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நல்ல நினைவோடு இருந்தார். அடைப்பு சின்னது. இருபது நிமிடத்தில் திறந்து வீட்டுக்கு அனுப்பக்கூடிய விஷயம். அந்த வாரத்தில் அப்படி ஆறு பேரை அனுப்பியிருக்கிறோம்.

குட்ரூன் இரண்டு மாடி ஓடி இறங்கி வந்தாள். ஆய்வுக்கூட அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தியா எஸ்பென், உன் பன்னிங்க வரிசையில நானும் வந்து படுத்துட்டேன்" என்றார் பிரேபென். "அதுங்களுக்குக் குடுத்ததையே எனக்கும் குடு. இவ அதுங்கமேல வச்ச பாசத்துல கொஞ்சமாச்சும் எனக்குக் கெடைக்கட்டும்."

"வாயை மூடிட்டுப் படுங்க" என்று அவர் நெற்றியைத் துடைத்தாள் குட்ரூன். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடிதத்தைப் பாத்துட்டு, மருந்து நல்லதுன்னுதானே முடிவு பண்ணாங்க?"

"ஆமாம்" என்றேன்.

"அப்போ இவருக்கும் கெடைக்கணும். சீட்டுல உப்புத் தண்ணி விழுந்துட்டா?"

விதிப்படி எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது. பிரேபெனுக்குச் செப்டம்பரில் எழுபத்தாறு முடிந்தது. எனக்கு நன்றாகத் தெரியும்; அவர் வீட்டில் குட்டிக் கொடிகள் வைத்த மேசையைச் சுற்றி நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடியவர்களில் நானும் ஒருவன். "வயசு தாண்டிடுச்சு குட்ரூன், முடியாது" என்று சொல்லியிருக்கலாம். நான்கே சொற்கள். அவள் ஏமாற்றத்தோடு ஒதுங்கியிருப்பாள், அவர் மாலையில் வீட்டுக்குப் போய் மிச்ச இலையைக் கூட்டியிருப்பார்.

ஆனால் நான் அப்போதுதான் ஆமாம் என்று சொல்லியிருந்தேன். நல்ல மருந்து என்று சொல்லிவிட்டு, வயதைக் காட்டி அவள் கணவருக்கே மறுத்தால் அவள் என்ன நினைப்பாள்? கேள்வி கேட்பாள். அனுமதிக் குழுவிடம் நேரே போய் விதிவிலக்குக் கேட்பாள், அவள் அப்படிப்பட்டவள். அங்கே கடிதத்தைப் பற்றிப் பேச்சு வரும். எனவே அவளுக்கு ஓர் உதவி செய்தேன். படிவத்தில் எழுபத்தைந்து என்று எழுதினேன். சீட்டுக்கும் விடவில்லை. எந்தக் குப்பியில் எது என்று அறிய, அவசரத்துக்கென்று தலைமை ஆய்வாளரிடம் ஒரு பட்டியல் இருக்கும். பார்த்தேன். மருந்துள்ள குப்பியை நானே எடுத்து வந்தேன்.

குட்ரூனைக் கண்ணாடிக்கு அப்பால் நிற்க அனுமதித்தோம். வீட்டு ஆள் மாதிரி அல்லவா.

அடைப்பைத் திறந்தேன். சுத்தமான வேலை. மருந்து ஏறியது. நாலாவது நிமிடத்தில் நாடி நூற்று எழுபத்திரண்டு. கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் அவள் குரல்.

"எஸ்பென், இது அதேதான். பன்னிங்களுக்கு வந்த மாதிரியே இருக்கு. கேஸைக் கொஞ்சம் தொறந்து விடச் சொல்லு."

மயக்க மருத்துவர் என்னிடமிருந்து எட்டடி தள்ளி, தன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். முகமூடியைக் கையில் எடுத்துவிட்டார். "குடுக்கட்டுமா? எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

"எஸ்பென், பாவம் எஸ்பென் அவரு. பத்து நிமிஷம்தான். தொறந்து விடச் சொல்லு."

அந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள். வாயுவைத் திறந்தால் நாடி அடங்கும் என்று அறையில் உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அடங்கினால் ஏழு பேரும் பார்ப்பார்கள். அதன்பின் அது இழுப்பறையில் அடங்காது. நான் தலையை அசைத்து, "செய்முறையில் இல்லை" என்றேன். நாற்பத்தோராம் பக்கம். மயக்க மருத்துவர் முகமூடியைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார். வயதையும் சீட்டையும் தவிர வேறு எந்த விதியையும் நான் அன்று மீறவில்லை.

பதினோராவது நிமிடத்தில் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினோம், மின்னதிர்ச்சி கொடுத்தோம், செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். நாற்பது நிமிடம் நான்தான் அழுத்தினேன். யாராலும் என்னை விலக்க முடியவில்லை என்று செவிலியர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மிகவும் நெகிழ்ந்துபோயிருந்தார்கள்.

நடைவழியில் குட்ரூன்தான் என்னைத் தேற்றினாள். என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. யாருடைய கம்பளிச் சட்டையையோ எடுத்து வந்து என் தோளில் போர்த்தினாள். காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"நீ முடிஞ்சதெல்லாம் செஞ்சே. தப்பு என்னோடது" என்றாள். "அன்னிக்குக் கேக்கோட நிக்கும்போது வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். கூச்சப்பட்டேன், உன் கடிதமே போதும்னு விட்டுட்டேன். எனக்கு வெக்கமா இருக்கும்னு நீ பாவம் எனக்காகப் பொய் சொன்னே. இப்போ பிரேபெனே போயிட்டாரு."

நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதாடுவது நாகரிகம் அல்ல. அடுத்த வாரம் அவள் உங்களுக்கு எழுதினாள்.

நீங்கள் என்னை அப்படிப் பார்ப்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் எதற்காக இப்போது எல்லாவற்றையும் சொல்கிறாய் என்பதுதானே? மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். குட்ரூன்மேல் இரக்கம் என்றும் வேண்டாம். இரக்கப்படுவது அவளுடைய வேலை.

உங்கள் குழுவின் இடைக்கால அறிக்கையை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் இதய நிபுணர், குட்ரூனின் கடிதத்தை வைத்து, மயக்க வாயு இதயச் செல்களை எதிர்பாராத அளவுக்குக் காப்பாற்றியிருக்கலாம், இதைப் பல மருத்துவமனைகளில் உடனே ஆராய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நல்லது. அடுத்த வரியில் அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். "குட்ரூன் விளைவு."

அந்தச் சொல்லை நான் பலமுறை படித்தேன். அவள் என்ன செய்தாள்? ஒரு பன்றியைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு குமிழைத் திருப்பினாள். அதற்குப் பெயர் ஆய்வா? ஒப்பிட்டுப் பார்த்தாளா? மருந்தையும் வாயுவையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்தாளா? தான் என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. தெரிந்து செய்தவன் நான். குற்றம் அவளுடையது என்று நீங்கள் தீர்ப்பெழுதினால், அதோடு சேர்த்து அந்த விளைவும் அவளுடையதாகிவிடும். நாளைக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு லேப் டெக்னீஷியனின் பெயர் இருக்கும். என் பெயர் எங்கேயும் இருக்காது. இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இதோ நோட்டு. எட்டுப் பன்றிகள், எட்டுப் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. மருந்து கொல்கிறது, வாயு காக்கிறது, இரண்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் முடிவுரையும் எழுதியிருக்கிறேன். வேண்டிய அளவு படியெடுத்துக்கொள்ளுங்கள். தேதியை மட்டும் தயவுசெய்து தெளிவாகக் குறியுங்கள். பிற்பாடு தகராறு வரக் கூடாது. ஜூலை இருபத்திரண்டு. முதல் நோயாளிக்கு ஊசி போடுவதற்கு ஏழு வாரம் முன்பு. பிரேபெனைக் கொண்டுவருவதற்கு நான்கு மாதம் முன்பு.

உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான்.